சீட்டு இல்லாத குத்தகை

அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லங்குறிச்சியை வெளியூர்க்காரர்களுக்குக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலை வைத்துத்தான் தெரியும். ராமநவமியை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு வரும் குடியானவர்கள், வீட்டில் விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து செலுத்துவார்கள். கன்றுக்குட்டியை நேர்ந்து விடுகிறவர்களும் உண்டு. பெருமாளுக்குச் செலுத்தும் தானியத்துக்கு யாரும் சீட்டு கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். ஆனால் அதே குடும்பங்களில் பலவும் நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் குத்தகைக்கும் சீட்டு வாங்குவதில்லை. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் பகுதி பெரும்பாலும் மானாவாரி. மக்காச்சோளம், பருத்தி, நிலக்கடலை, எள் என்று மழையைப் பார்த்து விதைக்கிற பூமி. மேலே கரிசலும் செம்மண்ணும், அடியில் சுண்ணாம்புக்கல். அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள் வந்தபிறகு, கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலத்துக்கும் நல்ல விலை வந்துவிட்டது. சொந்தக்காரர்களில் பலர் திருச்சியிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். உழுகிறவர் உள்ளூரில் இருக்கிறார். இருவருக்கும் இடையில் இருப்பது, சித்திரை மாதம் டீக்கடையிலோ வீட்டுத் திண்ணையிலோ பேசி முடித்த ஒரு வாய்வார்த்தை.

அந்த வாய்வார்த்தை எப்படி உடைகிறது என்பதற்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மூன்று ஏக்கரைப் பதினெட்டு வருடமாக உழுகிறார். அதற்கு முன் அவர் அப்பா உழுதார். குத்தகை பாக்கி இல்லை. நிலச் சொந்தக்காரர் காலமாகிறார். சென்னையில் இருக்கும் மகன் நிலத்தை விற்கிறார். ஒரு காலையில் ஜேசிபி வந்து வரப்பைத் தள்ளுகிறது. காவல் நிலையத்துக்குப் போனால், "இது சிவில் விவகாரம்" என்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருப்பது சொந்தக்காரர் பெயர். பதினெட்டு வருடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கணவர் இறந்தபிறகு இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் மருந்து வாங்கும் ஒரு பாட்டி. மூன்று வருடமாகக் குத்தகை வரவில்லை. "மழை இல்ல ஆத்தா, அடுத்த வருஷம் சேத்துத் தர்றேன்" என்பது பதில். அவர் மனுப் போட்டால், குத்தகை எவ்வளவு, எந்த வருடம் வரை வந்தது, எந்த வருடம் நின்றது என்று கேட்பார்கள். காட்டுவதற்கு அவரிடமும் தாள் இல்லை. சீட்டு குத்தகைதாரருக்கு மட்டும் சாதகமான ஒன்று என்று நினைப்பது தவறு. பாக்கியை நிரூபிக்க வேண்டிய சொந்தக்காரருக்கும் அதுதான் ஆதாரம்.

சட்டம் யாரைக் காக்கிறது?

தமிழ்நாட்டில் உழுகிறவரைக் காக்கும் சட்டம் புதிதல்ல. 1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் வந்தது. அப்போது அரியலூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. கையேறுவாரம் போன்ற வாரமுறைகளுக்காக அந்த மாவட்டத்தின் பெயரிலேயே 1958-ல் தனிச் சட்டமும் போட்டார்கள். அந்த அளவுக்கு இங்கே வாரமும் குத்தகையும் ஊறிப்போனவை.

1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரம் ஒரு வரிதான்: சாகுபடிக் குத்தகைதாரரைச் சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாது. குத்தகைக் காலம் முடிந்துவிட்டது என்பது அந்தக் காரணங்களில் ஒன்றல்ல. காலம் முடிந்தபிறகும் நிலத்தில் தொடர்ந்து இருக்கிறவரும் இந்தச் சட்டப்படி குத்தகைதாரர்தான். இங்கேதான் சொந்தக்காரர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். வீட்டு வாடகைக்குப் போடுவதுபோல "பதினோரு மாதம்" என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிட்டால் பன்னிரண்டாம் மாதம் நிலம் தானாகக் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வீட்டுக்கும் கடைக்கும் வேறு சட்டம். அது 2017-ல் இயற்றப்பட்டது. விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது.

சாகுபடிக் குத்தகைதாரர் யார் என்பதிலும் தெளிவு வேண்டும். தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பைப் போட்டுப் பயிர் செய்கிறவர்தான் அவர். குத்தகைக்கு எடுத்து இன்னொருவரிடம் உள்குத்தகைக்கு விட்டு, இடையில் நின்று பணம் வாங்குகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நகரத்தில் இருந்துகொண்டு ஆள் வைத்து மட்டும் பயிர் செய்கிறவருக்கும் இது சந்தேகமே. குத்தகைதாரர் இறந்துவிட்டால், நிலத்தில் இறங்கி உழைக்கும் வாரிசுக்கு உரிமை தொடரும். கணவர் பெயரில் இருந்த குத்தகையில் காலமெல்லாம் களையெடுத்த மனைவிக்கு, அவர் போனபின் எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சொந்தக்காரருக்கும் வழி இருக்கிறது. குத்தகை பாக்கி வைத்தாலோ, நிலத்தைப் பாழாக்கினாலோ, விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்தினாலோ, "இது உன் நிலமே இல்லை" என்று வேண்டுமென்றே உரிமையை மறுத்தாலோ அவர் வெளியேற்ற மனுக் கொடுக்கலாம். செங்கல் சூளைக்கு மண் வெட்டி விற்ற குத்தகைதாரர், சட்டம் தன்னைக் காக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சிறிய அளவில் நிலம் வைத்திருக்கும் சொந்தக்காரர் சொந்தச் சாகுபடிக்காக ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளவும், ராணுவத்தில் பணியாற்றுகிறவர் நிலத்தை மீட்கவும் தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றுக்கு நிபந்தனைகள் பல. எதுவானாலும் வருவாய் நீதிமன்றத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். வேலி போடுவது, மோட்டார் இணைப்பைத் துண்டிப்பது, நிற்கிற பயிரில் டிராக்டர் ஓட்டுவது எல்லாம் நியாயமான வழக்கையும் கெடுத்துவிடும்.

அப்படி முறையில்லாமல் வெளியேற்றப்பட்டவர் நிலத்தைத் திரும்பக் கேட்டு மனுக் கொடுக்கலாம். அதற்கான கெடு குறுகியது. மாதக்கணக்கில் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தால் கெடு போய்விடும். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு உடனே போகட்டும்.

பணத்தை வாங்க மறுத்தால்

சண்டை வரப்போகிறது என்பதற்கு முதல் அடையாளம், சொந்தக்காரர் குத்தகையை வாங்க மறுப்பது. "இப்ப வேண்டாம் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். இரண்டு வருடம் கழித்து அதுவே "பாக்கி வைத்தார்" என்று மனுவாக வரும். எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை என்றாலும், இந்த உத்தி பழையது. குத்தகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், வருவாய் நீதிமன்றத்தில் சொந்தக்காரர் கணக்கில் அந்தத் தொகையைக் கட்டிவிட 1955-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. நெல்லாகவோ வேறு தானியமாகவோ தர வேண்டிய குத்தகையானால் அன்றைய சந்தை விலையைக் கட்டலாம். எந்த வருவாய் நீதிமன்றம் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உண்மையிலேயே பாக்கி விழுந்துவிட்டால்கூட எல்லாம் முடிந்துவிடவில்லை. இரு தரப்பு நிலைமையையும் பார்த்து, பாக்கியைக் கட்ட நீதிமன்றம் அவகாசம் கொடுக்க முடியும். கொடுத்த தவணையில் கட்டினால் வெளியேற்றும் மனு தள்ளுபடியாகும். தவணையைத் தவறவிட்டால் நிலம் போய்விடும். சம்மன் வந்த அன்று பயந்துபோய் வாங்காமல் ஒளிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

குத்தகை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. 1956-ல் வந்த நியாய வாரச் சட்டம், தொடக்கத்தில் நஞ்சைக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்று வைத்தது. பின்னர் அது 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதாவது வழக்கமான மொத்த விளைச்சலில் கால் பங்கு சொந்தக்காரருக்கு, முக்கால் பங்கு செலவெல்லாம் செய்யும் குத்தகைதாரருக்கு. ஏக்கருக்கு 20 குவிண்டால் மக்காச்சோளம் விளைந்து, குவிண்டால் 2,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 40,000 ரூபாய். கால் பங்கு 10,000. கிணறும் மின் இணைப்பும் உள்ள நிலத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு இதைவிட அதிகம் பேசுகிறார்கள். பேசியது பேசியதுதான் என்றாலும், நியாய வாரம் நிர்ணயிக்கக் கோரி மனுக் கொடுக்கும் உரிமை போய்விடாது.

அடங்கலில் யார் பெயர்?

பயிருக்கு ஆபத்து வரும் வருடத்தில்தான் இந்தக் கேள்வி சுடும். 2018-ல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தை அழித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குருத்தைத் தின்று சல்லடையாக்கிவிட்டது. விதையும் உரமும் மருந்தும் வாங்கிக் கடன்பட்டவர் குத்தகைதாரர். நிவாரணக் கணக்கு எடுக்கும்போது பார்ப்பது அடங்கலை. அதில் சொந்தக்காரர் பெயர் இருந்தால் பணம் போவது அவர் வங்கிக் கணக்குக்கு. நல்ல மனிதராக இருந்தால் எடுத்துக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் கேட்க ஆதாரம் வேண்டும்.

இதற்காகவே 1969-ல் விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால், இரு தரப்புக்கும் அறிவிப்பு அனுப்பி, விசாரித்து, குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவார். எதிர்த்து நிரூபிக்கப்படும் வரை அந்தப் பதிவு உண்மை என்றே கொள்ளப்படும். உத்தரவு பிடிக்காதவர் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். "அண்ணே, அடங்கல்ல எம்பேரச் சேத்துக் குடுங்க" என்று கிராம நிர்வாக அலுவலரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. அதற்கு மேலே இருந்து உத்தரவு வேண்டும்.

இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டும் பதிவு செய்தவர்கள் சொற்பம் என்பதுதான் வருத்தம். மேற்கு வங்காளத்தில் 1978-ல் வாரதாரர்களைப் பதிவு செய்தபோது, அதிகாரிகள் பகல் வேலை முடிந்த மாலையில் ஊருக்கே போய் முகாம் போட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் பதிவானார்கள். இங்கே கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியது குத்தகைதாரர். போதாததற்கு, மனுப் போட்ட செய்தி ஊருக்குள் வருவதற்குள் "என் நிலத்தை எழுதி வாங்கப் பார்க்கிறான்" என்ற பேச்சு வந்துவிடும்.

சொந்தக்காரரின் இந்தப் பயத்தைச் சும்மா என்று தள்ளிவிட முடியாது. கேரளத்தில் 1970-ல் குத்தகை முறையே ஒழிக்கப்பட்டு உழுதவருக்கு நிலம் போனது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை. இங்கே பதிவு செய்தாலும் பட்டா சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கும். குத்தகைதாரருக்குக் கிடைப்பது சாகுபடி உரிமை மட்டும். ஆனால் அந்த உரிமை பரம்பரையாகத் தொடரும் என்பதால், பலர் நிலத்தைக் குத்தகைக்கு விடவே தயங்கி, சீமைக்கருவேல் மண்ட விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் வருடத்துக்கு ஓர் ஆளாக மாற்றுகிறார்கள். அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவர் எதற்கு எரு அடிப்பார்? நிலம்தான் கெடுகிறது. ஆந்திராவில் 2019-ல் ஒரு வழி கண்டார்கள்: சொந்தக்காரர் சம்மதத்தோடு பதினோரு மாதத்துக்கு ஒரு சாகுபடியாளர் அட்டை. அதை வைத்துக் கடனும் காப்பீடும் நிவாரணமும் பெறலாம். நிலத்தில் உரிமை வராது. அங்கேயும் சம்மதம் வாங்குவதுதான் சிக்கல். என்றாலும், இருவர் பயத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு பாலம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட முயற்சி அது.

சீட்டு கேட்கும் சங்கடம்

சட்டமெல்லாம் தெரிந்தாலும் வாய் வருவதில்லை. காரணம் உறவு.

"பெரியப்பா, பணம் வாங்கினதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்."

"ஏன்டா, எம்மேல உனக்கு நம்பிக்கை இல்லியா?"

இதற்குமேல் எப்படிக் கேட்பது? கேட்காமலே ஆதாரம் உண்டாக்க இப்போது வழி இருக்கிறது. குத்தகையைக் கையில் கொடுக்காமல் சொந்தக்காரரின் வங்கிக் கணக்கில் போடலாம். கைப்பேசியில் அனுப்பினால், குறிப்பு எழுதும் இடத்தில் "சர்வே எண் இன்னது, இந்த வருடக் குத்தகை" என்று எழுதிவிட வேண்டும். வெறும் பணப் பரிமாற்றம் மட்டும் இருந்தால் "கைமாற்றுக் கடனைத் திருப்பிக் கொடுத்தார்" என்று சொல்லிவிடலாம். விதை, உரம் வாங்கிய பில், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி போட்ட சீட்டு, பயிர்க் காப்பீட்டு ரசீது எல்லாமே நிலத்தில் யார் உழைத்தார் என்பதைச் சொல்லும். பக்கத்து நிலத்துக்காரர் சாட்சியும் உதவும்.

எழுதிக்கொள்ள இருவரும் ஒத்துக்கொண்டால் அதற்கு முறை இருக்கிறது. குத்தகைப் பத்திரத்தை மூன்று பிரதியாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு, மூன்றாவதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இப்படி ஒரு பிரிவு இருப்பது எழுதுகிறவர்களுக்கே பல நேரம் தெரியாது. சர்வே எண், பரப்பு, எல்லை, குத்தகை எவ்வளவு, எந்த மாதம் தர வேண்டும் என்பவற்றோடு, மழை பொய்த்தால் என்ன செய்வது, ஆழ்துளைக் கிணறு போட்டால் செலவு யாருடையது, நிவாரணம் வந்தால் யாருக்கு, பிரதமரின் கிசான் உதவி சொந்தக்காரருக்கே என்பவற்றையும் எழுதிவிடுவது நல்லது. சொந்தக்காரர்கள் கையெழுத்துக்குத் தயங்க ஒரு காரணம் இந்தக் கிசான் பணம். வருடத்துக்கு 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே. குத்தகைதாரருக்கு அதில் பங்கில்லை.

கடனும் காப்பீடும் அப்படியல்ல. கிசான் கடன் அட்டை விதிகளில் குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகைதாரர், வாரதாரர் எல்லோரும் இருக்கிறார்கள். நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகவும் கடன் கேட்கலாம். பயிர்க் காப்பீட்டிலும் குத்தகைதாரர் தன் பெயரில் சேரலாம். சாகுபடிச் சான்று வேண்டும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

"நிலத்தை விற்றுவிட்டார்கள். புதிதாக வாங்கியவர் காலி செய்யச் சொல்கிறார்." வாங்கியவர் பழைய சொந்தக்காரரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். குத்தகை உரிமை விற்பனையால் அழியாது. அடுத்த குத்தகையை அவருக்குக் கொடுக்க வேண்டும். மறுத்தால் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். பல ஊர்களில் ஒரு தொகை பேசி வாங்கிக்கொண்டு விலகுகிறார்கள். அதில் குற்றமில்லை. பணம் கைக்கு வருமுன் "விட்டுக்கொடுத்துவிட்டேன்" என்று கையெழுத்துப் போடாமல் இருந்தால் சரி.

"சுரங்கத்துக்கோ சாலைக்கோ அரசு நிலம் எடுத்தால் குத்தகைதாரருக்கு ஏதாவது உண்டா?" உண்டு. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், குத்தகை உரிமை உள்ளவரையும் வாரதாரரையும் நிலத்தில் அக்கறை உள்ளவராக ஏற்கிறது. எடுப்பதற்கு முன் மூன்று வருடம் அந்த நிலத்தில் உழைத்து அதையே வாழ்வாதாரமாகக் கொண்டவர் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். ஆனால் அறிவிப்பு வந்ததும் எழுத்து மூலம் ஆட்சேபணையும் கோரிக்கையும் கொடுத்தாக வேண்டும். ஆலை நேரடியாக விலை பேசி வாங்கினால் இது வேறு கதை. மேலே சொன்ன விற்பனை விதிதான்.

"கோயில் நிலத்தை உழுகிறோம். பக்கத்து ஊர்க்காரரிடம் சாகுபடி உரிமையை விலைக்கு வாங்கினோம்." இதுதான் பெரிய ஆபத்து. அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் இருக்கிறது. கோயில் நிலக் குத்தகையைக் கைமாற்றி விற்க யாருக்கும் உரிமை இல்லை. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக்கூட ஆணையர் அனுமதி இல்லாமல் கொடுக்க முடியாது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியவர் துறையின் பார்வையில் ஆக்கிரமிப்பாளராகத்தான் தெரிவார். கோயில் செயல் அலுவலரிடம் போய் உண்மையைச் சொல்லி, தன் பெயரில் குத்தகை கோருவதுதான் வழி.

"ரெண்டு லட்சம் கொடுத்து நிலத்தை ஒத்திக்குப் பிடித்திருக்கிறோம். நாங்களும் குத்தகைதாரர்தானே?" இல்லை. ஒத்தி என்பதும் போக்கியம் என்பதும் அடமானம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி பதிவு செய்தால்தான் செல்லும். பதிவு செய்யாத ஒத்தியில் நிலமும் நிற்காது, பணம் வசூலிப்பதும் சிரமம். சார்பதிவாளர் அலுவலகச் செலவுக்குப் பயந்து லட்சங்களை வெள்ளைத்தாளில் வைக்க வேண்டாம்.

"வழக்கு நடத்தப் பணம் இல்லை." மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

"சொந்தக்காரர் இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ஆள் குத்தகையைத் தன்னிடம் தரச் சொல்கிறார்கள்." ஒருவரிடம் கொடுத்தால் மற்ற இருவருக்கு அது பாக்கி. மூவரும் சேர்ந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள ஒப்பினால் கொடுக்கலாம். இல்லையென்றால், பாகம் பிரியும் வரை மூவர் பெயரையும் குறிப்பிட்டு வருவாய் நீதிமன்றத்தில் கட்ட மனுச் செய்வது பாதுகாப்பு. கட்டிய சீட்டுகளை வருட வாரியாக ஒரு பையில் போட்டு, அந்தப் பை எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.